குழுவில் எல்லோரும் 'அருமை' என்கிறார்கள், இதழ்கள் பதிலே போடுவதில்லை. எதை நம்புவது?

கேட்டவர் எழுதியிருப்பதன் சாரம் இது. சில ஆண்டுகளாக ஒரு வாட்ஸ்அப் கவிதைக் குழுவில் இருக்கிறார். வாரத்துக்கு இரண்டு மூன்று கவிதைகள் போடுகிறார். ஒவ்வொன்றுக்கும் கைதட்டும் படங்களும் 'அருமை', 'அற்புதம் தோழி' என்ற சொற்களும் வந்து குவிகின்றன. அதே கவிதைகளை இதழ்களுக்கு அனுப்பினால் ஒரு வரி பதில்கூட இல்லை. "குழு என்னை ஏமாற்றுகிறதா? வெளியேறிவிடலாமா?" என்று கேட்கிறார். கவிதையின் தரத்தைப் பற்றிக் கேட்பது போலத்தான் முதலில் தோன்றும். அவருடைய கேள்வியை இரண்டாம் முறை படித்தபோது, 'நான் எழுதுவதை யாராவது உண்மையிலேயே படிக்கிறார்களா?' என்ற ஏக்கம்தான் எனக்குக் கேட்டது. அதற்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். மரபுக் கவிதை பயிலும் இணையக் குழு ஒன்றில் பல ஆண்டுகளாகப் புதியவர்களின் வெண்பாக்களைப் பார்த்துக் குறிப்பு எழுதி வருகிறேன். ஒரு சிற்றிதழுக்கு வரும் கவிதைகளை முதல் சுற்றில் வாசித்துப் பிரிக்கும் வேலையையும் சில காலம் செய்திருக்கிறேன். ஆகவே நீங்கள் சொல்லும் இரண்டு பக்கங்களும் எனக்குப் பழக்கமானவை. குழு உங்களை ஏமாற்றவில்லை, இதழ்கள் உங்களைக் குறிவைத்துப் புறக்கணிக்கவும் இல்லை. இரண்டு இடத்திலும் உங்கள் கவிதை போதிய நேரம் படிக்கப்படவில்லை என்பதே பெரும்பாலும் உண்மையாக இருக்கும்.

'அருமை' எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். காலை வணக்கப் படங்களுக்கும் யாரோ முன்னனுப்பிய மருத்துவக் குறிப்புக்கும் நடுவே உங்கள் கவிதை வந்து விழுகிறது. பார்ப்பவர் பேருந்தில் நின்றுகொண்டிருப்பார், அல்லது அடுப்பில் பால் வைத்திருப்பார். கவிதை கண்ணில் பட்டுவிட்டது, எழுதியவர் தெரிந்தவர், ஒன்றும் சொல்லாமல் போனால் வருத்தப்படுவார். உடனே கை 'அருமை' என்று அடித்துவிடுகிறது. நாளை அவர் கவிதை போடும்போது நீங்களும் அதையே செய்கிறீர்கள். கல்யாண வீட்டில் மொய் எழுதுவதைப் போல இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வந்தது திரும்பிப் போக வேண்டும். மொய்யில் அன்பு இல்லை என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆனால் அந்தத் தொகையை வைத்துச் சாப்பாடு எப்படி இருந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

அந்தச் சொல்லை நான் மட்டமாக நினைக்கவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாக ஒரு கவிதையை நாலு பேர் பார்க்க வைக்கிறவருக்கு அது எவ்வளவு பெரிய துணை என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி எழுதி வீட்டில் ஒருவருக்கும் காட்டாதவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். அப்படிப்பட்டவரின் முதல் பத்துக் கவிதைகளுக்கு 'அருமை' போதும். பதினோராவது கவிதையிலிருந்துதான் அது போதாமல் போகிறது. நீங்கள் அந்த இடத்தை எப்போதோ தாண்டிவிட்டீர்கள். உங்களுக்கு வந்திருக்கும் இந்தச் சலிப்பே அதைச் சொல்கிறது.

ஊக்கப்படுத்துவது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் மொழியிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. புதுச்சேரியில் பாரதியின் நண்பர் வட்டத்துக்குள் வந்த இளம் பள்ளி ஆசிரியர் கனக சுப்புரத்தினம், 'எங்கெங்குக் காணினும் சக்தியடா' என்று தொடங்கும் பாடலைப் பாடிக் காட்டினார். பாரதி அதை 'சுதேசமித்திரன்' இதழுக்கு அனுப்பினார். தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்று கைப்பட ஒரு குறிப்பும் சேர்த்தார். புகழ்ந்து நாலு வார்த்தை சொன்னதோடு அவர் நிற்கவில்லை. உட்கார்ந்து கேட்டார், தம் பெயரைப் பக்கத்தில் வைத்து அடுத்த வாசலுக்கு அனுப்பி வைத்தார். அந்த ஆசிரியரைத்தான் நாம் பாரதிதாசன் என்று அறிகிறோம். ஒரு கவிதைக்காக ஒருவர் எவ்வளவு நேரமும் உழைப்பும் தருகிறார் என்பதில்தான் ஊக்கத்தின் அளவு தெரிகிறது.

இனி, எதை உறுதியாகச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்ற விஷயத்துக்கு வருகிறேன். மரபில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு: தவறு தவறுதான், அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. மா, விளம், காய், கனி என்பவை சீரின் வகைகள்; நேர், நிரை என்பவை சீருக்குள் வரும் அசையின் வகைகள். ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் முறைதான் தளை. வெண்பாவுக்கு மாமுன் நிரை (மாச்சீரை அடுத்து நிரையசை வர வேண்டும்), விளமுன் நேர், காய்முன் நேர் என்று மூன்றே வாய்பாட்டில் தளை அடங்கிவிடும். கனிச்சீர் வரக் கூடாது. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாக முடிய வேண்டும். 'கற்க கசடறக் கற்பவை' என்ற குறளையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கசடற' என்ற இடத்தில் 'குற்றமற' என்று போட்டுப் பாருங்கள். பொருள் ஏறத்தாழ அதேதான். ஆனால் 'கற்க' என்ற மாச்சீருக்குப் பின் நிரையசை வர வேண்டிய இடத்தில் 'குற்' என்று நேரசை வந்து நிற்கும், தளை தட்டும். இதைச் சுட்டிக்காட்டினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அது ஆளைப் பற்றிய பேச்சாகவே ஆவதில்லை.

எங்கள் குழுவில் வாரம் ஓர் ஈற்றடி, அதாவது வெண்பாவின் கடைசி அடி, கொடுப்பது வழக்கம். 'மழைக்குமுன் வந்த மணம்' என்று கொடுத்தால், உழவைப் பற்றி ஒருவர், கருவுற்ற மகளைப் பற்றி ஒருவர், மண்பானைக் கடையைப் பற்றி ஒருவர் என்று அந்த ஒரே அடியில் வந்து முடிப்பார்கள். முதல் நாள் யாரும் பாராட்டக் கூடாது, தளை மட்டும் பார்க்க வேண்டும். இரண்டாம் நாள் எதுகை, மோனை. மூன்றாம் நாள்தான் 'எந்த வெண்பா மனத்தில் தங்கியது, ஏன்' என்ற பேச்சு. அதற்குள் ஒவ்வொருவரும் மற்றவர் பாட்டை மூன்று முறை அசை பிரித்துப் படித்திருப்பார்கள். இலக்கணம் எங்களுக்குத் தந்த பெரிய நன்மை இந்தப் பொறுமையான வாசிப்புதான் என்று நினைக்கிறேன். பிழை இல்லாத வெண்பா நல்ல கவிதையாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் ஏதும் இல்லை. ஆனால் அப்படிப் படிக்கப்பட்ட பாட்டின் ஆசிரியர் தனித்து விடப்பட்டதாக உணர்வதில்லை. முன்பும் நம் புலவர்கள் இப்படிப் பகிர்ந்து பாடியவர்கள்தாம். இரட்டைப் புலவர்களில் ஒருவர் பாதி வெண்பாவைத் தொடங்க, மற்றவர் முடித்து வைப்பார். ஒருவர் சொன்னதை மற்றவர் சொல் சொல்லாகக் கேட்காமல் அது நடந்திருக்காது. உங்களுக்கு யாப்பில், அதாவது செய்யுள் இலக்கணத்தில், ஆர்வம் இருந்தால் கி.வா. ஜகந்நாதனின் 'கவி பாடலாம்' நூலிலிருந்து தொடங்கலாம். ஆசிரியர் இல்லாமல் தனியாகப் பயில்கிறவர்களுக்கு அதைத்தான் நான் முதலில் சொல்வேன். அதன் பிறகு யாப்பருங்கலக் காரிகை என்ற பழைய இலக்கண நூலுக்குப் போகலாம்.

புதுக்கவிதைக்கு இந்த வசதி கிடையாது. அதில் நானோ வேறு யாரோ சொல்வதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சொல்லக்கூடியவை சில உண்டு, அவ்வளவுதான். நீங்கள் அனுப்பிய கவிதையை இங்கே எடுத்துப் பேசுவது முறையாகாது என்பதால், குழுக்களில் அடிக்கடி வரும் சாயலில் நானே ஒன்று எழுதிக் காட்டுகிறேன்.

'மழை வந்தது
மண் மணத்தது
என் மனமும் நனைந்தது
உன் நினைவில்.'

இதற்கு முப்பது 'அருமை' நிச்சயம் வரும். இதில் பிழை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இது எந்த ஊர் மழை, யாருடைய நினைவு, எந்த வீடு என்று ஒன்றும் தெரியாது. யார் பெயரில் வேண்டுமானாலும் இது வெளிவரலாம். இப்போது குழுவில் ஒருவர், ஒரே ஒருவர், 'அன்றைக்கு மழையில் உண்மையிலேயே நனைந்தது எது?' என்று கேட்கிறார் என்று வையுங்கள். எழுதியவர் யோசித்துவிட்டு இப்படித் திரும்பி வரலாம்:

'மொட்டை மாடிக் கொடியில்
எடுக்க மறந்த உன் சட்டை
இரவெல்லாம் நனைகிறது.'

மழை, நினைவு, மனம் என்ற சொற்கள் எல்லாம் போய்விட்டன. அவற்றின் வேலையைச் சட்டை பார்த்துக்கொள்கிறது. அந்தச் சட்டைக்காரர் வெளியூர் போனாரா, இனி வரவே மாட்டாரா என்று படிக்கிறவர் தவிக்கிறார். கேள்வி கேட்டவர் ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்த இரண்டாவது வடிவம்தான் சிறந்தது என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள் என்று சொல்ல மாட்டேன். முதலாவதை மெட்டுப் போட்டுப் பாடினால் கேட்க இதமாக இருக்கும் என்பவர்கள் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எழுதியவர் இரண்டாம் முறை உட்கார்ந்தார் என்பதில் மட்டும் ஐயமே இல்லை.

எனவே முதலில் நீங்கள் கேட்கும் விதத்தை மாற்றிப் பாருங்கள். 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் 'நன்றாக இருக்கிறது' என்றுதான் வரும். வேறு பதில் சொல்ல அந்தக் கேள்வியில் வழி இல்லை. 'நாலாவது வரியில் பேசுவது தாயா மகளா என்று புரிகிறதா?', 'கடைசி இரண்டு வரிகள் இல்லாமலே கவிதை முடிந்துவிட்டதா?', 'இதில் ஒரு வரியை வெட்டச் சொன்னால் எதை வெட்டுவீர்கள்?' என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் பதில்களின் எண்ணிக்கை முப்பதிலிருந்து மூன்றாகக் குறையும். அந்த மூன்று பேரின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் உங்களுக்கு உள்ள வாசகர்கள் அவர்கள்தாம். இன்னொன்றும் சொல்வேன்: எழுதிய அன்றே போடாதீர்கள். ஒரு வாரம் கிடக்கட்டும். அன்றே போட்டால் பாராட்டின் சூட்டில் கவிதை அப்படியே இறுகிவிடும். பிறகு அதில் கை வைக்க மனம் வராது.

அடுத்தவர் கவிதைக்கு நீங்கள் எழுதும் குறிப்பும் இதோடு சேர்ந்தது. நான் பின்பற்றும் வரிசை எளியது. முதலில் கவிதையிலிருந்து நான் என்ன புரிந்துகொண்டேன் என்று ஒரு வாக்கியம். பெரும்பாலும் இதுவே போதும். எழுதியவர் நினைத்தது ஒன்று, போய்ச் சேர்ந்தது வேறு என்பது அந்த ஒரு வாக்கியத்தில் வெளிப்பட்டுவிடும். பிறகு எந்த வரி என்னை நிறுத்தியது என்று அந்த வரியை அப்படியே எடுத்துக் காட்டுவது. தன் வரி ஒன்றை இன்னொருவர் எழுத்தெழுத்தாகத் திரும்ப அடித்து அனுப்புவதைப் பார்க்கும்போது எழுதியவருக்கு ஏற்படும் மகிழ்ச்சிக்கு எந்தப் படமும் ஈடாகாது. அதன் பிறகு வேண்டுமானால் எங்கே எனக்குப் பிடி நழுவியது என்று சொல்வேன். அவர் கவிதையை நான் மாற்றி எழுதிக் கொடுப்பதில்லை. கொடுத்தால் அது என் கவிதையாகிவிடும், அவர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த மாதம் எழுதுவதை நிறுத்திவிடுவார். குறையைப் பொதுவில் சொல்வதா தனிச் செய்தியில் சொல்வதா என்பதில் அனுபவசாலிகளிடையே ஒருமித்த கருத்து இல்லை. பொதுவில் சொன்னால்தான் மற்றவர்களும் கற்பார்கள் என்பது ஒரு தரப்பு. புதியவர்களுக்குத் தனியாகவும், தம் கவிதையைத் திறந்து வைத்துக் கேட்பவர்களுக்குப் பொதுவிலும் சொல்வது என் வழக்கம். மூத்தவர்களை ஐயா, அம்மா என்றே அழைத்து எழுதுகிறேன். அதனால் குறிப்பின் கூர்மை மழுங்குவதில்லை.

இந்த வரிசையைப் பின்பற்றக் கூடாத இடம் ஒன்று உண்டு. தாயை எரித்துவிட்டு வந்த மூன்றாம் நாள் ஒருவர் எட்டு வரி எழுதிப் போடுகிறார். அதில் உவமை பழையது என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அவர் கவிதை வடிவத்தில் நம்மிடம் துக்கம் சொல்கிறார். துக்கம் விசாரிப்பது போலவே பதில் சொல்ல வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே கவிதையை அவரே எடுத்து வந்து 'இதைச் சரிசெய்ய வேண்டும்' என்றால் அப்போது பேசலாம். அதேபோல், வாழ விருப்பமில்லை என்ற தொனி ஒருவரின் கவிதைகளில் தொடர்ந்து வந்தால், அதைச் சோக ரசம் என்று பாராட்டிவிட்டுப் போகாதீர்கள். குழுவில் பேசாமல் அவரைத் தனியாகத் தொலைபேசியில் அழைத்து நேராகக் கேளுங்கள். இந்தியாவில் இருப்பவரென்றால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் பேசலாம் என்பதையும் சொல்லுங்கள்.

பட்டங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். குழுக்கள் சில, வாரந்தோறும் போட்டி வைத்து, பங்கேற்ற எல்லோருக்கும் பெயர் பொறித்த மின்சான்றிதழும் 'கவி' என்று தொடங்கும் ஏதாவதொரு பட்டமும் தருகின்றன. இதில் கெடுதல் அதிகமில்லை. கெடுதல் அடுத்த படியில் வரும்: தொகுப்பு நூலில் உங்கள் கவிதை தேர்வாகியிருக்கிறது, இவ்வளவு ரூபாய் கட்டுங்கள், அல்லது இத்தனை பிரதிகள் வாங்கிக்கொள்ளுங்கள் என்று செய்தி வரும். பத்து நண்பர்கள் செலவைப் பகிர்ந்து, கணக்கை எல்லோருக்கும் காட்டி ஒரு நூல் போடுவது நல்ல காரியம், அதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் பணம் கட்டிய எவரும் விடுபடாத இடத்தில் 'தேர்வு' என்ற பேச்சுக்கே பொருள் இல்லை. ஓய்வூதியப் பணத்தை இப்படிக் கொடுத்துவிட்டு, பிரிக்காத நூல் கட்டுகளோடு இருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வேதனையாக இருக்கிறது.

இதழ்களின் மௌனத்துக்கு வருகிறேன். பதில் வராததை வைத்துக் கவிதை மோசம் என்று முடிவு கட்ட வேண்டாம். பல சிற்றிதழ்களை வேலைக்குப் போய்வந்த நேரத்தில் ஒன்றிரண்டு பேர்தாம் நடத்துகிறார்கள். தேர்வாகாத கவிதைகளுக்குப் பதில் எழுத அவர்களுக்கு ஆளில்லை. நான் முதல் வாசிப்பில் ஒதுக்கி வைத்தவற்றில் பெரும்பாலானவை மோசமானவை என்று சொல்ல முடியாது. ஒரே வாரத்தில் வந்த மற்ற கவிதைகளின் முதல் மூன்று வரிகளோடு அவை கலந்துவிட்டன, அவ்வளவுதான். அன்னையர் தினத்துக்கு அம்மா, ஐப்பசிக்கு மழை, தைக்குப் பொங்கல் என்று வந்துகொண்டே இருக்கும்போது, 'எடுக்க மறந்த உன் சட்டை' போன்ற ஒன்று கையை நிறுத்தும். அனுப்புவதற்கு முன் அந்த இதழின் சில இதழ்களை வாங்கிப் படியுங்கள். 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' சிற்றிதழ் நடந்த விதம் இங்கே நினைவுக்கு வருகிறது. இணையம் இல்லை, தபால்தான். திருகோணமலையிலிருந்து எழுதிய இளைஞர் தருமு சிவராமுவின் கவிதைகளும் அதில் வந்தன, மற்றவர் படைப்புகளைப் பற்றி அவர் எழுதிய விமர்சனங்களும் வந்தன. பின்னாளில் பிரமிள் என்று நாம் அறிந்தவர் அவர். அங்கே கவிதை எழுதியவர்களே ஒருவரையொருவர் கூர்ந்து படித்து, உடன்படாமல் வாதிட்டும் எழுதினார்கள். உங்கள் குழுவில் மூன்று பேருக்கு இடையே அது நடந்தாலே போதும்.

நடைமுறையில் இன்னும் இரண்டு விஷயம். முதலாவது, எல்லாவற்றுக்கும் உங்களிடம் ஒரு பிரதி இருக்கட்டும். யாகூ நிறுவனத்தின் மின்னஞ்சல் குழுமங்களில் ஆண்டுக்கணக்காகக் கவிதை பேசியவர்கள் தமிழில் நிறையப் பேர். அந்நிறுவனம் 2019 டிசம்பரில் பழைய பதிவுகளை நீக்கி, 2020 டிசம்பரில் குழுமங்களையே மூடிவிட்டது. சேமித்து வைக்காதவர்களின் பாட்டும், அதைவிட அருமையான திருத்தக் குறிப்புகளும் போயின. கைபேசி மாற்றும்போது வாட்ஸ்அப்பிலும் இதே கதி நேரலாம். தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அல்லது மாதம் ஒருமுறை உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள். உங்கள் கவிதை பெயர் நீக்கப்பட்டு எங்காவது உலவினால் அந்தத் தேதி உதவும். 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதிய கணத்திலேயே உரிமை உங்களுடையது, பதிவு செய்வது கட்டாயமில்லை. இரண்டாவது, வேறெங்கும் வெளிவராத படைப்பைத்தான் அனுப்ப வேண்டும் என்று பல இதழ்கள் கேட்கின்றன. முகநூலில் எல்லோரும் பார்க்கும்படி போட்டதை வெளிவந்ததாகவே எடுத்துக்கொள்வோர் உண்டு. மூடிய குழுவில் பகிர்ந்ததை அப்படிக் கருதுவதா என்பது இதழுக்கு இதழ் மாறும். கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

குழுவை விட்டு வெளியேற வேண்டாம். அங்கே உங்களை அன்போடு பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அதை இழக்கக் காரணமில்லை. கேள்வியோடு கவிதை போட ஆரம்பித்து ஒரு மாதத்தில் பதில் எழுதியவர்களில் இரண்டு அல்லது மூன்று பேரைத் தனியாக அழைத்துப் பேசுங்கள். வாரம் ஒருவர் ஒரே ஒரு கவிதை, மற்றவர்கள் அதைப் பற்றிப் பத்து வரியாவது எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் உங்கள் கவிதை வேண்டாம், அவர்களில் ஒருவருடையதை எடுத்து நீங்கள் பத்து வரி எழுதித் தொடங்குங்கள். இப்படி நாலைந்து மாதம் போன பிறகு, அவர்கள் கேள்விகளால் மாறிய கவிதைகளில் ஐந்தைப் பொறுக்கி ஓர் இதழுக்கு அனுப்புங்கள். அப்போதும் பதில் வராமல் போகலாம். மூன்று மாதம் காத்திருந்து, ஒருமுறை நினைவூட்டிவிட்டு, அடுத்த இதழுக்கு அனுப்பலாம்.